மங்களேஸ்வரி மிஸ்ஸின் நான்கு அணுக்கள்

பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில் பிறப்பிடம் காரைநகர் என்றும் வசிப்பிடம் குண்டசாலை என்றும் இருந்தது. ஓய்வுபெற்ற பௌதிகவியல் விரிவுரையாளர், இராஜரத்தினத்தின் பாசமிகு மனைவி, கனடாவில் வசிக்கும் ஒரே மகளின் அன்புத் தாய் என்று மற்ற வரிகள். எல்லாம் சரியாகவே போட்டிருந்தார்கள். ஒரு காபன், ஒரு கந்தகம், இரண்டு ஐதரசன் என நான்கே அணுக்கள் சேர்ந்த ஒரு மூலக்கூறு சூட்டில் எப்படி நடுங்கும், எப்படிச் சுழலும், அப்போது எந்தெந்த ஒளியை விழுங்கும் என்று பல ஆண்டுகள் இருந்து கணக்குப் போட்ட பெண் இவர் என்பதைச் சொல்ல அப்படியான அறிவித்தல்களில் இடம் விடுவதில்லை.

மங்களேஸ்வரியின் தகப்பனார் ரயில்வேயில் வேலை பார்த்தவர். மாற்றலாகிக் கண்டிக்கு வந்தபோது கைக்குழந்தையாகக் கொண்டுவந்த மகள் பிறகு கண்டியை விட்டுப் போகவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காரைநகருக்குப் போனால் "கண்டிக்காரி வந்திட்டாள்" என்பார்கள். கண்டியிலோ கடைசிவரை அவர் "யாழ்ப்பாணத்து மிஸ்". இரண்டுக்கும் அவர் மறுப்புச் சொன்னதில்லை. பேராதனையில் படித்து, அங்கேயே உதவி விரிவுரையாளராகச் சேர்ந்து, இங்கிலாந்துக்குப் போய் வளிமண்டல வாயுக்கள் எந்த ஒளியை உறிஞ்சுகின்றன என்பதில் கலாநிதிப் பட்டம் வாங்கி வந்தார். வந்த கையோடு ஆராய்ச்சியைத் தொடர்ந்திருக்க வேண்டும். நாடு விடவில்லை. கலவரம் வந்தது, பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன, திறந்தபோது தேங்கி நின்ற மாணவர்களுக்கெல்லாம் சேர்த்து வகுப்பெடுக்க வேண்டியிருந்தது. நடுவில் மகள் பிறந்தாள். மாமியார் படுக்கையில் விழுந்தார். இப்படியே நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது.

அதற்காக அவர் மூக்கால் அழுதுகொண்டிருந்தவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். வகுப்பில் நன்றாகச் சிரிப்பார், சிரிக்கவும் வைப்பார். மூலக்கூறின் அதிர்வுகளைக் காட்ட மேசைக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் விரித்து, சேலைத் தலைப்பு நழுவாமல் தோளைக் குலுக்குவார். "நான் தான் காபன். என்ர தலை கந்தகம். கை ரெண்டும் ஐதரசன். இப்ப பாருங்கோ, கை ரெண்டும் ஒண்டாய் விரியிறது ஒரு நடுக்கம். ஒண்டு விரிய மற்றது சுருங்கிறது இன்னொரு நடுக்கம். தலையை ஆட்டிக் காட்டமாட்டன், கழுத்து நோகுது." பின்வரிசை மாணவர்கள் அந்தக் குலுக்கலை விடுதியில் செய்து காட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு மட்டும் எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள் என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

அந்த நான்கு அணு மூலக்கூறை அவரிடம் கொண்டுவந்தவர் இரசாயனவியல் துறையில் இருந்த பஹ்மி. திகனக்காரர். ஜப்பானில் படித்துவிட்டு வந்தவர், மங்களேஸ்வரியைவிட ஓரிரண்டு வயது இளையவர். சும்மா இருக்கத் தெரியாதவர். ஒருநாள் துறையின் தேநீர் அறைக்கு வந்து, அறிமுகம்கூடச் செய்துகொள்ளாமல், "மிஸ், நீங்க தானே காத்துல ஈக்கிற வாயு எல்லாம் கணக்குப் பாத்த? எனக்கிட்ட வானத்துல ஈக்கிற ஒண்டு ஈக்கிது" என்றார். "இருக்கிற" என்பது அவர் வாயில் "ஈக்கிற" என்றுதான் வரும்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று உள்ள சில அதிர்வெண்களில் மட்டுமே ஒளியை விழுங்கும் அல்லது உமிழும். பெரிய வானொலித் தொலைநோக்கி ஒன்றைத் தூரத்து நட்சத்திரத்தின் பக்கம் திருப்பினால், அதைச் சுற்றியிருக்கும் வாயுவிலிருந்து கோடு கோடாக ஒரு காடே வந்து விழும். அந்தக் காட்டில் எந்தக் கோடு எந்த மூலக்கூறுடையது, எவ்வளவு பலமாக இருந்தால் எவ்வளவு வாயு என்று சொல்ல, முன்கூட்டியே ஓர் அட்டவணை வேண்டும். ஆய்வுகூடத்தில் அளந்து எழுதலாமே என்றால், இந்தக் கந்தக மூலக்கூறு போத்தலில் அடங்கி இருக்காது. கொஞ்ச நேரத்தில் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே கோத்துக்கொண்டு வேறொன்றாக மாறிவிடும். அறைச் சூட்டில் அவசரமாக அளந்த சில கோடுகள்தான் அன்றைக்கு உலகத்தில் இருந்தன. மற்றதெல்லாம் கணக்கால்தான் பிடிக்க வேண்டும்.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அணுக்களை இழுத்தும் வளைத்தும் பார்த்தால் எவ்வளவு சக்தி செலவாகும் என்பது பஹ்மியின் பக்கம். அந்தச் சக்தியை வைத்து மூலக்கூறு எப்படி அசையும், எந்தக் கோடு எங்கே விழும், எவ்வளவு பலமாக விழும் என்பது மங்களேஸ்வரியின் பக்கம். கடைசியில் ஒவ்வொரு வெப்பநிலையிலும் மூலக்கூறு இருக்கக்கூடிய எல்லா நிலைகளையும் கூட்டி ஒரு தொகை எடுக்க வேண்டும். ஒரு கோட்டின் பலத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால்தான் அட்டவணை முழுமையாகும். அதையும் பஹ்மியே எடுத்துக்கொண்டார்.

பேச்சு முழுவதும் காரில் நடந்தது. திகனவிலிருந்து பஹ்மி தன் பழைய நிசானில் வருவார். குண்டசாலைச் சந்தியில் மங்களேஸ்வரி ஏறிக்கொள்வார். அதுவும் பின் ஆசனத்தில். கடதாசிகளைப் பரப்பி வைக்க இடம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டார். பஹ்மி பின்பார்வைக் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டுவார். தென்னக்கும்புரப் பாலத்தில் வாகனங்கள் நெரிந்து நின்றால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள்; பஹ்மி வசதியாகத் திரும்பி உட்கார, இவர்கள் இருவரும் பேசுவார்கள். "டிரைவர் வெச்சி ஓட்டுற கம்பெனி டிரெக்டர் மாதிரி ஈக்கிறீங்க மிஸ்" என்று பஹ்மி சொல்வார். "சம்பளம் கேக்காத டிரைவர் கிடைச்சால் ஆர் விடுவினம்" என்பார் இவர்.

ஒருமுறை பெரிய சண்டை வந்தது. யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம் மங்களேஸ்வரி காரைநகர் வீட்டைப் பார்க்கப் போயிருந்தார். அந்த இடைவெளியில் பஹ்மி அவருடைய புரோகிராமைத் திறந்து, வேகமாக ஓடட்டும் என்று சில இடங்களை மாற்றி எழுதிவிட்டார். மாற்றியதில் பிழை ஒன்றும் இல்லை. வேகமாகத்தான் ஓடியது. ஆனால் திரும்பி வந்த மங்களேஸ்வரி, தன் அடுப்படியில் வேறு யாரோ சட்டி பானைகளை இடம் மாற்றி வைத்துவிட்டதைப் பார்த்தவர் மாதிரி ஆகிவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் போனார்.

ஒரு மாதம் போல அப்படியே போனது. ஒருநாள் காலை பஸ் தரிப்பிடத்தில் அதே நிசான் வந்து நின்றது. முன் ஆசனத்திலிருந்து பஹ்மியின் மனைவி சகீனா இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்கோ மிஸ். இவரு அந்தக் கந்தகத்தப் பத்தி இப்ப என்கிட்ட பேசுற. சோறு திங்கக்குள்ளயும் அது தான். எனக்கி ஏலா."

ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பஹ்மி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்களேஸ்வரி குடையை மடக்கி ஏறிக்கொண்டார். பாலத்தில் வாகனங்கள் நெரிந்து நின்றன. அங்கே பஹ்மி, "இனி ஒங்கட பக்கம் ஒங்களுக்கு, என்ட பக்கம் எனக்கி. கேக்காமத் தொடுற இல்ல" என்றார்.

"கேக்கவும் வேண்டாம்" என்றார் மங்களேஸ்வரி. "நான் உங்களைக் கேக்கமாட்டன், நீங்களும் என்னைக் கேக்கக் கூடாது. அவரவர் பங்கை அவரவர் பொறுப்பாய்ச் செய்வம்."

அந்தச் சமாதானத்தை இருவரும் மிகக் கவனமாகக் காப்பாற்றினார்கள். அத்தனை கவனமாகக் காப்பாற்றியதில்தான் வினையும் வந்தது.

அட்டவணை முடிந்தபோது மங்களேஸ்வரிக்கு ஓய்வு பெறும் வயது அதிக தூரத்தில் இல்லை. ஆய்வுகூடத்தில் அளந்த அந்தச் சில கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இடங்கள் பொருந்தின. ஒரு கோட்டுக்கு மற்றது எத்தனை பங்கு பலம் என்பதும் பொருந்தியது. ஸ்பெயினில் இருந்த ஒரு வானியல் குழு, தாங்கள் ஆராயும் முதிர்ந்த நட்சத்திரம் ஒன்றைச் சுற்றிய புகைமண்டலத்தில் இந்த மூலக்கூறு இருக்கிறதா என்று பார்க்க இந்த அட்டவணையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டு எழுதியது. அந்த மின்னஞ்சலை மங்களேஸ்வரி தன் கணவருக்கு வாசித்துக் காட்டினார். இராஜரத்தினம் தபால் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கோடுகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மனைவியைப் பற்றித் தெரியும்.

"அப்ப நீர் போட்ட கணக்கை நட்சத்திரத்துக்கு மேல வச்சுப் பாக்கப் போயினம்?"

"ஓம். கறுப்புக் கோட்டிலை நட்சத்திரம், சிவப்பிலை என்ர கணக்கு. ஒண்டுக்கு மேல ஒண்டு. அதை ஒருக்காப் பாத்தால் போதும் எனக்கு."

அதற்குமேல் எதையும் அவர் விரும்பியதாகத் தெரியவில்லை. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்னவர்களிடம் விண்ணப்பம் எழுதும் நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் கணக்குப் போடலாம் என்று சொன்னவர். இந்த ஒரு படம் மட்டும் கண்ணுக்குள் நின்றது.

வந்தது படமல்ல, இன்னொரு மின்னஞ்சல். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். கோடுகளின் இடங்கள் அருமையாகப் பொருந்துகின்றன. பலம்தான் இடிக்கிறது. வேறு வழியில் மதிப்பிட்டதோடு பார்த்தால், உங்கள் அட்டவணைப்படி வாயுவின் அளவு மிகக் குறைவாக வருகிறது. தரவில் இரைச்சல் இருப்பதால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை, மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கலாம், ஐந்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம். காரணம் தெரிந்தால் மாத முடிவுக்குள் அறியத் தாருங்கள். தெரியாவிட்டால் எங்கள் கட்டுரையிலிருந்து இந்த மூலக்கூறை விட்டுவிடுவோம்.

இருவருக்கும் பெயர் போட்டு வந்த அஞ்சல். மறுநாள் காரில் பஹ்மி மழையைப் பற்றிப் பேசினார். மங்களேஸ்வரியும் மழையைப் பற்றிப் பேசினார். கணினி அறையின் வெளிக்கம்பியில் குரங்குகள் தொங்கி இணைப்பை அறுத்துவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். மூலக்கூறைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மங்களேஸ்வரி தன் புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்தார். பலத்தைக் கணிக்கும் பகுதியைத் தாளில் எழுதி, கையால் போட்டுப் பார்த்தார். எங்கும் பிழை அகப்படவில்லை. அகப்படாதது அவரை இன்னும் பயமுறுத்தியது. தன்னிடம் பிழை இல்லையென்றால் அது பஹ்மியிடம் இருக்க வேண்டும். அதைக் கேட்க வாயில்லை. கேட்கக் கூடாது என்று சொன்னவரே அவர்தான். மாத முடிவு கிட்டிக்கொண்டிருந்தது. கடைசியில், பிழை தன்னுடைய பகுதியில் இருப்பதாகத் தெரிகிறது, இந்த மூலக்கூறை விட்டுவிடுங்கள் என்று ஸ்பெயினுக்கு ஒரு பதிலை எழுதி வைத்தார். அனுப்பவில்லை.

இரவுச் சாப்பாட்டில் இடியப்பத்தைப் பிய்க்காமல் வைத்துக்கொண்டிருந்ததை இராஜரத்தினம் பார்த்தார்.

"பஹ்மியைக் கேட்டுப் பாத்தீரோ?"

"எப்பிடியப்பா கேக்கிறது? கேட்டால், பிழை உங்களிட்ட எண்டு சொன்ன மாதிரி."

"கேக்காமல் பிழை என்னட்ட எண்டு எழுதி வச்சிருக்கிறீர். அது உண்மையோ?"

"தெரியாது."

"தெரியாததை எழுதி அனுப்பப் போறீர். என்ர முப்பது வருஷச் சேவையிலை விலாசம் தெரியாத கடிதத்தை நான் ஒருநாளும் குத்துமதிப்பாய் ஒரு வீட்டிலை போட்டதில்லை. சாப்பிடும், ஆறுது."

அடுத்த நாள் காலை நல்ல மழை. பாலத்துக்கு இந்தப் பக்கம் வாகனங்கள் அசையாமல் நின்றன. வைப்பர் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. மங்களேஸ்வரி பின் ஆசனத்தில் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பஹ்மி சேர், ஒண்டு கேக்கட்டோ? கோவிக்கக் கூடாது."

"நான் கோவிச்சா ஒங்களுக்கு பஸ் ஈக்கிது. எனக்கி ஆரு ஈக்கிற? கேளுங்கோ."

"உங்கட கூட்டுத்தொகை. மூண்டுக்கும் அஞ்சுக்கும் நடுவிலை நாலு எண்டு இரவு முழுக்க யோசிச்சன். ரெண்டு ஐதரசனின்ர கருச்சுழற்சியை அதிலை எண்ணினீங்களோ, விட்டீங்களோ?"

பின்பார்வைக் கண்ணாடியில் பஹ்மியின் கண்கள் அவரையே பார்த்தன. முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. நிசான் நகரவில்லை.

"விட்ட" என்றார் பஹ்மி மெதுவாக. "அத எப்பவும் விடுற தானே. நாங்க படிச்ச இடத்துல நாலால வகுத்து விட்டுடுவாங்க. நீங்க?"

"நான் எண்ணினனான். எங்கட இடத்திலை எப்பவும் எண்ணுறது தானே."

ஐதரசனின் கருவை ஒரு குட்டிப் பம்பரம் என்று வைத்துக்கொண்டால், அது இரண்டு விதமாக நிற்கலாம். இரண்டு ஐதரசனுக்குமாகச் சேர்த்து நான்கு விதம். காற்று வாயுக்களைக் கணக்குப் பார்ப்பவர்கள் அந்த நான்கையும் எண்ணிக்கொள்வது வழக்கம். வானத்து வாயுக்களைப் பார்ப்பவர்களில் பலர் நான்கால் வகுத்து அதை விட்டுவிடுவது வழக்கம். இரண்டும் சரி. ஒரே வழக்கத்தைக் கடைசிவரை பிடித்தால் விடையும் ஒன்றுதான். கொத்துப் படியால் அளந்த அரிசிக்குக் கிலோ விலை போட்டதுபோல, கோட்டின் பலத்தில் எண்ணிவிட்டு, அதை வகுக்கும் தொகையில் எண்ணாமல் விட்டிருந்தார்கள். எல்லாக் கோடும் ஒரே அளவில் நான்கு மடங்கு பெருத்துவிட்டது; அதனால் வாயு நான்கில் ஒரு பங்காகக் குறைந்து தெரிந்தது. ஒரு கோட்டை இன்னொரு கோட்டோடு ஒப்பிட்டவரை அது தெரிய வாய்ப்பே இல்லை.

பின்னால் நின்ற வான்காரர் ஹோர்ன் அடித்து ஓய்ந்து, கண்ணாடியை இறக்கி, ஐயா தூங்கிவிட்டாரா என்று சிங்களத்தில் கேட்டார். பஹ்மி கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து ஓரமாக நிறுத்தினார்.

"மிஸ், நான் ஒரு கிழமையா என்ட பக்கத்தத் தோண்டுற. ஒண்டும் கெடைக்கல்ல. அப்ப ஒங்கட பக்கமாத் தான் ஈக்கணும் எண்டு நெனச்ச. எப்படிக் கேக்கிற? திரும்ப பஸ்ல போயிடுவீங்க எண்டு பயம். பிழ என்ட எண்டு அவங்களுக்கு ஒரு மெயில் எழுதி வெச்சீக்கிறன்."

"நானும் எழுதி வச்சிருக்கிறன்."

"என்ன எண்டு?"

"பிழை என்ர எண்டு."

பஹ்மி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். "ரெண்டும் ஒரே நாள் போயீந்தா, இவங்க ரெண்டு பேருக்கும் என்னமோ நோய் எண்டு ஆஸ்பத்திரிக்கு அறிவிச்சீப்பாங்க."

மங்களேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "சிரிச்சது காணும், எடுங்கோ காரை. இண்டைக்கு முதல் பாடம் எனக்கு" என்றார். பேராதனை வரும்வரை இருவரும் மாறி மாறி, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசினார்கள். அவ்வளவு வருடங்களில் கேட்காமல் சேர்த்து வைத்திருந்த கேள்விகளெல்லாம் வந்தன. அந்த இடத்தில் ஏன் அந்த எண், இதை ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்று இவரும், மிஸ் ஒங்கட அந்த மூணாவது பகுதி எனக்கி எப்பவும் விளங்கினதே இல்ல என்று அவரும். அன்றைக்கு முதல் பாடத்துக்கு மங்களேஸ்வரி பிந்தித்தான் போனார்.

திருத்தம் ஒரே ஒரு வரி. கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கினார்கள். புதிய அட்டவணையை அனுப்பி, எங்கே இடித்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். எழுதியது மங்களேஸ்வரி; பஹ்மி அதைப் படித்துவிட்டு, 'நாங்கள் இருவரும்' என்பதை மட்டும் இரண்டு இடத்தில் அதிகமாகச் சேர்த்தார்.

பதில் வரவில்லை. மாதம் முடிந்தது. அடுத்த மாதமும் பாதி போனது. வீட்டில் கறிக்கு உப்பு ஒருநாள் கூடியது, ஒருநாள் குறைந்தது. இராஜரத்தினம் இரண்டையும் சாப்பிட்டார்.

படம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, பஹ்மி ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம். மங்களேஸ்வரி மின்னஞ்சலோடு வந்த படத்தைத் திறக்காமல் அவர் திரும்பும்வரை காத்திருந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் பஹ்மி வந்து அருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு இணையம் மந்தம். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் கட்டம், பிறகு கறுப்புக் கோட்டின் உச்சிகள், பிறகு அவற்றின் மேல் சிவப்பு.

சிவப்பு கறுப்பின் மேல் படிந்திருந்தது. ஏறிய இடத்தில் ஏறி, இறங்கிய இடத்தில் இறங்கி, இரைச்சலின் சிறு நடுக்கங்களுக்கு நடுவே தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு கிழட்டு நட்சத்திரம் மூச்சுவிட்ட புகை. அதில் இருந்த அந்த நான்கு அணுக்கள் இவர் சொன்னபடியே நடுங்கியிருக்கின்றன.

பஹ்மி ஏதோ சொல்ல வந்தவர், மங்களேஸ்வரியின் கண்கள் கலங்கியதைப் பார்த்துக் கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மங்களேஸ்வரி விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல், கோட்டோடு கோடாக இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போனார். நெடுநேரம் போனார். வலது ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால் விரல் நின்றது. அங்கே கறுப்பில் நல்ல உயரமான ஒரு கோடு. அதன் மேல் சிவப்பு இல்லை.

"இது எங்கட இல்லை" என்றார்.

"இல்ல தான்" என்றார் பஹ்மி, முன்னால் குனிந்து. "வேற ஆருடயோ கோடு."

"ஆற்ற?"

பஹ்மி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். மங்களேஸ்வரி அருகில் கிடந்த வெள்ளைத்தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கோட்டின் அதிர்வெண்ணை மேலே எழுதி, அடியில் ஒரு கோடு கிழித்தார். அவருடைய கண்களில் இன்னும் ஈரம் இருந்தது.

"கந்தகம் ஒண்டு கட்டாயம் இருக்கும்" என்றார். "உங்களுக்கு என்ன தோணுது? கேக்கிறன், சொல்லுங்கோ."